குழந்தைகளின் வலிப்பு நோய்: பிறந்த நாளைப் பற்றி நாங்கள் ஏன் கேட்கிறோம்?

வலிப்பு வந்த குழந்தையுடன் முதன்முறையாக எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோர், முந்தைய இரவில் நடந்ததைச் சொல்லவே வருகின்றனர். நாங்களோ வேறெங்கிருந்தோ தொடங்குகிறோம். குழந்தை பிறந்தவுடன் அழுததா? எடை எவ்வளவு இருந்தது? முதல் தாய்ப்பால் எத்தனை மணி நேரத்தில் கொடுக்கப்பட்டது? கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களா? கணவனும் மனைவியும் உறவுமுறையா? குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு உண்டா? இக்கேள்விகள் நீள நீளத் தாயின் முகம் வாடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். உடன் வந்த உறவினர் ஒருவர், "நான் அப்போதே சொன்னேன் அல்லவா" என்பதுபோல் அவரைத் திரும்பிப் பார்ப்பதையும் கண்டிருக்கிறோம். இக்கேள்விகளின் நோக்கம் என்ன, அவற்றுக்குரிய விடைகள் குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன, எவ்வளவு சொல்வதில்லை என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்வது நல்லது. மூளையின் நரம்புச் செல்கள் நுண்ணிய மின் துடிப்புகள் வழியே ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. பெருந்தொகையான செல்களில் அத்துடிப்புகள் ஒரே நேரத்தில் அளவு மீறி எழும்போது உண்டாவது வலிப்பு. காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை அல்லது கால்சியம் குறைதல், தலைக்காயம் போன்ற உடனடித் தூண்டுதலால் எந்தக் குழந்தைக்கும் வலிப்பு வரக்கூடும். அத்தகைய தூண்டுதல் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறையேனும் வந்தால் அதனை வலிப்பு நோய் என்கிறோம். ஒருமுறை மட்டுமே வந்திருந்தாலும், மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி எனப் பரிசோதனைகள் காட்டினால் அப்போதும் அப்பெயர் பொருந்தும். மக்கள் வழக்கில் காக்காய் வலிப்பு எனப்படுவது இதுவே. காகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'கால் கை வலிப்பு' என்பது அவ்வாறு மருவிற்று என்பர்.

அடுத்தது, மருத்துவக் குறிப்புகளில் நீங்கள் காணும் 'ஆபத்துக் காரணி' என்னும் சொல். அது இருந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடும். நோய் வந்தே தீரும் என்பது அதன் பொருளன்று. கருமேகம் திரண்ட நாளெல்லாம் மழை பெய்துவிடுவதில்லை. வெயில் காய்ந்த மாலையில் எதிர்பாராமல் மழை கொட்டுவதும் உண்டு. உலகளவில் வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தெளிவான காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. பள்ளி வயதில் சில நொடிகள் பேச்சு நின்று, பார்வை நிலைகுத்தி, பின் ஒன்றும் நடவாததுபோல் எழுத்தைத் தொடரும் குழந்தைகள் உண்டு. உறக்கத்தில் ஒருபக்க வாய் மட்டும் இழுத்து, எச்சில் வடியும் குழந்தைகளும் உண்டு. அவர்களில் பலர் நல்ல எடையோடு பிறந்து, பிறந்தவுடன் அழுது, உரிய வயதில் நடந்தவர்களே. அவர்களுடைய மூளை ஸ்கேனிலும் குறை இராது. இவ்வகைகள் பெரும்பாலும் மரபணுச் சார்புடையவை. இரண்டாவதாகச் சொன்ன வகை வளரிளம் பருவத்திற்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. அத்தகைய குழந்தையின் தாய், கர்ப்ப காலத்தில் தாம் எதை உண்டோம், எங்கே விழுந்தோம் என்று தேடித் துயருற ஒரு காரணமும் இல்லை.

காய்ச்சலும் வலிப்பும்

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது: "காய்ச்சலில் வலிப்பு வந்தது, இனி ஆயுள் முழுவதும் வருமா?" ஊர்ப்புறங்களில் ஜன்னி என்று அஞ்சப்படும் காய்ச்சல் வலிப்பு, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது. வலிப்பு உடல் முழுவதும் வந்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மீண்டும் வராவிட்டால் அதனை எளிய காய்ச்சல் வலிப்பு என்போம். ஒருபக்கமாக வருவது, நெடுநேரம் நீடிப்பது, ஒரே நாளில் மீண்டும் வருவது ஆகியவை சிக்கலான வகை.

அமெரிக்காவில் பிறப்புக்கு முன்பிருந்தே பின்தொடரப்பட்ட பெருந்தொகையான குழந்தைகளில், காய்ச்சல் வலிப்பு வந்த 1706 பேரின் நிலையை கரின் நெல்சன், ஜோனாஸ் எல்லன்பர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்டனர். அந்த எண்களை நாங்கள் இன்றும் பெற்றோரிடம் சொல்கிறோம். காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளில், 7 வயதுக்குள் வலிப்பு நோய் வந்தவர்கள் 1000க்கு 5 பேர். இயல்பான வளர்ச்சியும் எளிய காய்ச்சல் வலிப்பும் உடைய குழந்தைகளில் 1000க்கு 11 பேர். ஏற்கெனவே வளர்ச்சியில் ஐயப்பாடு இருந்து, சிக்கலான வகையும் வந்த குழந்தைகளில் 1000க்கு ஏறத்தாழ 92 பேர். கடைசி எண் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பிரிவிலும் 100க்கு 90 பேருக்கு மேல் வலிப்பு நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

காய்ச்சல் வலிப்பு மீண்டும் வருமா என்பது வேறு கேள்வி. ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு, பிறிதொரு காய்ச்சலின்போது அது வருகிறது. ஒரு வயதுக்கு முன் முதலில் வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். காய்ச்சல் தொடங்கியவுடன் பாராசிட்டமால் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாமே என்று பலர் வருந்துகின்றனர். அம்மருந்து குழந்தையின் உடல் நோவைத் தணிக்கும். வலிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனவே இரவு தூங்கிவிட்டதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். எளிய காய்ச்சல் வலிப்பு மூளையைச் சேதப்படுத்துவதில்லை. அதற்காக ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பதும் தேவையில்லை. குழந்தை வலிப்புக்குப் பின் தெளியாமல் துவண்டு கிடந்தாலோ, கழுத்து விறைத்திருந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ மட்டும் அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். அப்போது ஒரு மணி நேரமும் தாழ்த்தக் கூடாது.

அரிதாக ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு வயது நிரம்புவதற்கு முன்பே, சிறு காய்ச்சலுக்குக்கூட, உடலின் ஒரு பக்கத்தில், அரை மணி நேரம் வரையிலும் நீடிக்கும் வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால் நாங்கள் டிராவெட் நோய்க்குறித் தொகுப்பை நினைக்கிறோம். இது எஸ்.சி.என்.1.ஏ. என்னும் மரபணுவின் மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் பெற்றோரிடம் இராமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம். முதல் வலிப்பு தடுப்பூசிக் காய்ச்சலின்போது வருவது உண்டு. ஆதலால் பழி தடுப்பூசியின்மேல் விழும். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டபோது, அவர்களில் 11 பேரிடம் இம்மரபணு மாற்றமே காணப்பட்டது. இதனைக் கண்டறிவதால் ஒரு நன்மை உண்டு. வலிப்புக்கு வழக்கமாகத் தரும் கார்பமாசிபின், பெனிடாயின் போன்ற மருந்துகள் இக்குழந்தைகளுக்கு நோயை மோசமாக்கக்கூடும், அவற்றைத் தவிர்க்கலாம்.

பிறப்பை ஒட்டிய மணி நேரங்கள்

எங்கள் கேள்விகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பிரசவத்தின்போது குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, குறைமாதப் பிறப்பில் மூளைக்குள் கசியும் இரத்தம், பிறந்த சில நாட்களில் வரும் கிருமித்தொற்று, கடும் மஞ்சள் காமாலை ஆகிய யாவும் மூளையில் தழும்பை விட்டுச் செல்லக்கூடியவை. பிறந்தவுடன் அழவில்லை என்ற ஒன்றே போதாது. சில நொடிகள் தாமதித்து அழுது, பின் நன்றாகப் பால் குடித்த குழந்தைக்குப் பெரிய ஆபத்து ஏதுமில்லை. முதல் சில நாட்களில் குழந்தை துவண்டு இருந்ததா, அப்போதே வலிப்பு வந்ததா, குழாய் வழியே பால் கொடுக்க நேர்ந்ததா என்பவையே எங்களுக்கு முக்கியம்.

இவற்றுள் நம் நாட்டில் போதிய கவனம் பெறாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது பச்சிளங்குழந்தையின் இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துபோதல். கருவில் இருக்கும்வரை தொப்புள்கொடி வழியே சர்க்கரை இடைவிடாது வந்துகொண்டிருந்தது. கொடி அறுந்த கணத்திலிருந்து குழந்தை தன் சொந்தச் சேமிப்பைச் செலவிடுகிறது. எடை குறைந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் அந்தச் சேமிப்பு சொற்பம். நீரிழிவுள்ள தாயின் குழந்தை பார்வைக்குப் பருமனாக இருந்தாலும், அதன் உடலில் இன்சுலின் மிகுந்திருப்பதால் சர்க்கரை விரைவில் வீழ்ந்துவிடும். வீழ்ச்சி கடுமையாகவும் நெடுநேரமும் இருந்தால் மூளையின் பின்பகுதி, அதாவது பார்வைக்குரிய பகுதி, மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் வலிப்பு நோய்க்கு இது ஒரு பொதுவான காரணம் என்று மும்பை மருத்துவர்கள் 2009இல் எழுதினர். எங்கள் அனுபவமும் அதற்கு மாறானதன்று.

தடுக்கும் வழி எளியது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதும், அதன்பின் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுப்பதும், ஆபத்துள்ள குழந்தைகளுக்குக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்ப்பதுமே அது. 'சேனை வைப்பது' என்று குடும்பப் பெரியவர் ஒருவர் வந்து சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தடவும்வரை தாய்ப்பாலைத் தள்ளிவைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் உள்ளது. கழுதைப் பால் தேடிச் செல்வோரும் உள்ளனர். அவ்வன்பை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் நாவில் தடவும் சில சொட்டுகள் குழந்தையின் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கா. தேனால் கிருமி நச்சும், காய்ச்சாத விலங்குப் பாலால் தொற்றும் வரக்கூடும். பெரியவர் வரும்வரை காத்திருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது.

பிறப்பின்போது இத்தகைய பாதிப்பு இருந்தது என்று அறிந்தால், நாங்கள் பெற்றோரிடம் 3 மாதம் முதல் 12 மாதம் வரை ஒன்றைக் கூர்ந்து கவனிக்கச் சொல்கிறோம். குழந்தை தூங்கி எழுந்தவுடன் தலை திடீரென முன்னே சாயும்; கைகள் இரண்டும் விரியும்; முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்கும். ஒன்றிரண்டு நொடிதான். சில நொடிகள் கழித்து மீண்டும் அதே அசைவு. இவ்வாறு பத்து, இருபது என்று தொடராக வரும். தொடர் முடிந்ததும் குழந்தை அழும். இதனை வயிற்று வலி என்றும், உரம் விழுந்தது என்றும், எதையோ கண்டு பயந்துவிட்டது என்றும் எண்ணிச் சுளுக்கு வழிப்பதிலும் மந்திரித்துக் கயிறு கட்டுவதிலும் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் குழந்தை சிரிப்பதையும் முகம் பார்ப்பதையும் மறந்துவிடும்.

இது வெஸ்ட் நோய்க்குறித் தொகுப்பு. 1841இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனிடம் கண்ட இவ்வசைவுகளை விவரித்து 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். அவரிடம் அன்று மருந்தில்லை. இன்று ஏ.சி.டி.எச். ஊசி, ப்ரெட்னிசோலோன், விகாபாட்ரின் ஆகியவை உள்ளன. சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு அவ்வளவு நல்லது. ஐயம் தோன்றினால் கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து, அதே வாரத்தில் எங்களிடம் காட்டுங்கள். அப்படம் சாதாரணத் திடுக்கிடல் என்று தெரிந்து திரும்பிச் செல்வோரும் பலர். அவர்கள் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

உறவும் மரபும்

அக்காள் மகளையோ மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அதனால் எல்லா வலிப்பு நோயும் வருவதில்லை. கணவன், மனைவி இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே குறையுள்ள மரபணுவைப் பெற்றிருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தை இரண்டு குறையுள்ள பிரதிகளையும் பெறுகிறது. வளர்சிதை மாற்றக் கோளாறுகள் பல இவ்வாறே வருகின்றன. அவற்றில் சிலவற்றின் முதல் அடையாளம் வலிப்பு. முதல் குழந்தைக்கு இவ்வாறு நேர்ந்திருந்தால், அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது பயனுடையது. "உன் வழியா, என் வழியா" என்ற வாக்குவாதத்துக்கு இங்கே இடமில்லை. இவ்வகை நோயில் பங்கு இருவருக்கும் சமம்.

தாய்க்கோ தந்தைக்கோ வலிப்பு நோய் இருந்தால் குழந்தைக்கு வருமா? பெரும்பாலான வகைகளில் அவ்வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 5தான். வலிப்பு நோயுள்ள பெண் கருவுற்றதும் அச்சத்தால் மாத்திரையைத் தாமே நிறுத்துவது, குழந்தைக்கும் தாய்க்கும் அதைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரையை மாற்ற வேண்டுமெனில், குறிப்பாக வால்ப்ரோயேட் எடுத்துக்கொள்பவர்கள், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

வெளியிலிருந்து வருபவை

பள்ளி வயதுக் குழந்தைக்கு ஒரு கை மட்டும் துடித்து வலிப்பு வந்து, ஸ்கேனில் சிறு வளையம் போன்ற புள்ளி தெரிந்தால், அது பன்றி நாடாப்புழுவின் கட்டியாக இருக்கலாம் என்கிறோம். உடனே, "நாங்கள் சைவம், டாக்டர்" என்பார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வருவதோ வேறு வழியில். புழுவுள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் நீரிலும் கீரையிலும் கழுவாத கைகளிலும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் செல்வதால் அது வருகிறது. ஆகவே இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் வரும். இப்புள்ளிகளை ஒரு காலத்தில் நம் நாட்டு மருத்துவர்கள் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வே, அவற்றில் பல நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் என்று தெளிவுபடுத்தியது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில், வலிப்பு நோய் தொடர்ந்து இருந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இக்கட்டியே காரணம் எனத் தெரிந்தது. ஒற்றைக் கட்டி பெரும்பாலும் கரைந்துவிடும். அதன்பின் மாத்திரையையும் விரைவில் நிறுத்திவிடலாம். மலம் கழித்தபின்னும் உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுவதும், பச்சையாக உண்ணும் காய்களை நன்கு கழுவுவதும் தடுக்கும் வழிகள்.

மூளைக்காய்ச்சலுக்குப் பின் வரும் வலிப்பு நோயைத் தடுப்பூசிகள் பெரிதும் குறைக்கின்றன. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தை உள்ளடக்கிய ஐந்துநோய்த் தடுப்பூசி, நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தட்டம்மைத் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். மழலைப் பருவத்தில் வந்து போன தட்டம்மை, ஆண்டுகள் பல கழித்து மூளையை மெல்ல அழிக்கும் நோயாகத் திரும்புவது உண்டு. அதற்கு இன்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை.

தலைக்காயத்தைப் பொறுத்தவரை, கட்டிலிலிருந்து விழாத குழந்தை எந்த வீட்டிலும் இல்லை. நினைவு தப்பாத சிறு அடிகளை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. மூளைக்குள் இரத்தக்கசிவு, உள்ளழுந்திய மண்டையோட்டு முறிவு, நெடுநேர மயக்கம் ஆகியவையே ஆபத்தைக் கூட்டுகின்றன. தந்தை தலைக்கவசம் அணிந்திருக்க, முன்னால் வெறுந்தலையுடன் குழந்தை நிற்கும் இருசக்கர வாகனங்களை எங்கள் மருத்துவமனை வாசலிலேயே அன்றாடம் காண்கிறோம். 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு தூண்டுதல்களையும் சொல்லிவிடுகிறோம். சளிக்காகக் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் மார்பில் தடவ வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஒரு சிறு கட்டியை விழுங்கினாலும் வலிப்பு வரும். இரண்டாவது, தலையில் சுடுநீரைக் குவளை குவளையாக ஊற்றும்போது மட்டும் வரும் ஒருவகை வலிப்பு. தென்னிந்தியாவில், குறிப்பாகத் தெற்குக் கர்நாடகத்தில், இது மிகுதி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நீரின் சூட்டைக் குறைத்து, தலைக்கு ஊற்றாமல் துணியால் துடைத்தாலே பலருக்கு நின்றுவிடுகிறது. எண்ணெய்க் குளியலன்று மட்டும் வலிப்பு வந்தால் அதனை எங்களிடம் மறவாமல் சொல்லுங்கள்.

இவ்விடைகள் யாவும் சிகிச்சையின் இறுதிக் கட்டத்திலும் பயன்படுகின்றன. பொதுவாக இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றிக் கழிந்தால் மாத்திரையை மெதுவாகக் குறைத்துப் பார்க்கிறோம். பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல், அவர்களுக்கு அவசரப்படுவதில்லை. அத்தகைய காரணி ஏதுமில்லாத குழந்தைக்கு நம்பிக்கையுடன் நிறுத்துகிறோம். எப்போது நிறுத்துவது என்பதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள்.

முதல் வருகையின்போது தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை, குழந்தை பிறந்த மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, வலிப்பின் கைப்பேசிப் படம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். படம் எடுப்பவர் ஒருவராகவும், குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தி நேரத்தைக் கணிப்பவர் மற்றொருவராகவும் இருக்கட்டும். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கையில் சாவி கொடுக்கவும் வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் படத்தை விட்டுவிட்டு 108ஐ அழையுங்கள். பிறப்பைப் பற்றிய சில செய்திகளைத் தாய் உறவினர் முன்னிலையில் சொல்லத் தயங்கினால், அவருடன் தனியே பேசவும் எங்கள் பிரிவில் இடமுண்டு. நுழைவில் இருக்கும் செவிலியரிடம் சொன்னால் போதும்.